கார்ல் மில்லெஸின் சிற்பங்களைப் பார்க்க எங்கே போவது?

ஸ்டாக்ஹோம் போகிறவர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: வாசா கப்பல், பழைய நகரம், அரண்மனை. அதற்கு மேல் ஓர் அரை நாள் கையில் மிஞ்சும். அதைக் கார்ல் மில்லெஸ் என்கிற சிற்பிக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. கொடுப்பது என்று முடிவான பிறகுதான் குழப்பம் தொடங்கும். இவருடைய வேலைகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஸ்டாக்ஹோமை ஒட்டிய லிடிங்யோ தீவில் அவருடைய வீடும் தோட்டமும் இருக்கின்றன. நகரின் நடுவே ஒரு பெரிய நீரூற்று. மேற்குக் கரையில் கோத்தன்பர்க் நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒரு சிலை. சின்ன ஊர்களின் சந்தைச் சதுக்கங்களில் சில. அப்புறம் அமெரிக்காவில் மிச்சிகன், மிசூரி, மினசோட்டா என்று மாநிலம் மாநிலமாக முக்கியமான படைப்புகள். எல்லாவற்றையும் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்று. ‘அசல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஓவியத்துக்குப் பொருந்துகிற கேள்வி அது; வெண்கலத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சிற்பி களிமண்ணில் உருவத்தைப் பிடிக்கிறார், அதைப் பிளாஸ்டரில் எடுக்கிறார்கள், அதிலிருந்து அச்சு, அச்சுக்குள் உருக்கிய வெண்கலம். பிளாஸ்டர் பத்திரமாக இருந்தால் மறுபடியும் வார்க்கலாம். மில்லெஸின் ‘மனிதனும் பெகாசஸும்’ (பெகாசஸ் கிரேக்கப் புராணத்துச் சிறகுக் குதிரை) அமெரிக்காவின் டி மோய்ன் நகரில் ஒன்று, ஸ்வீடனின் மால்மோவில் ஒன்று, லிடிங்யோ தோட்டத்தில் ஒன்று, ஜப்பானின் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஒன்று என்று நிற்கிறது. எல்லாமே அவருடையதுதான். உருவம் மாறுவதில்லை, நிற்கும் இடம் மாறுகிறது. பின்னால் இருப்பது வானமா சுவரா, காலடியில் தண்ணீர் ஓடுகிறதா, அண்ணாந்து பார்க்கிறோமா, நேருக்கு நேராகவா? இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒவ்வோர் இடத்தையும் எடைபோடுகிறேன்.

இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் புரியும். 1875 ஜூன் 23 அன்று உப்சாலாவுக்கு அருகே லாகா என்ற ஊரில் பிறந்தார். பிறவிப் பெயர் கார்ல் வில்ஹெல்ம் எமில் ஆண்டர்சன். அப்பா ராணுவ மேஜர். ‘மில்லெ’ என்பது அப்பாவின் செல்லப்பெயர். அதுவே பிறகு குடும்பப் பெயராயிற்று. ஸ்டாக்ஹோமில் ஒரு தச்சுப் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே மாலை வகுப்புகளுக்குப் போனார். 1897ல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் ஸ்வீடன் முறை உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை செய்வதற்காகக் கிளம்பினார். வழியில் பாரிஸ் வந்தது. சிலி அதோடு போயிற்று. பாரிஸில் வயிற்றுப்பாட்டுக்குச் சவப்பெட்டி செய்யும் கடையில் தச்சு வேலை. மீதி நேரத்தில் சிற்பப் பயிற்சி. அது பிரெஞ்சுச் சிற்பி ரோதான் கொடிகட்டிப் பறந்த காலம். இளம் மில்லெஸின் ஆரம்பகால உருவங்களில் ரோதானின் சாயல் அப்படியே இருக்கும்: கரடுமுரடான மேற்பரப்பு, முழுதாக வெளிப்படாமல் பாதி மறைந்த முகங்கள்.

பிறகு ம்யூனிக். அங்கே அடால்ஃப் ஃபான் ஹில்டெபிராண்ட் என்ற சிற்பியின் கருத்துகள் அவரைப் பிடித்துக்கொண்டன. சிலையைக் கட்டடத்தோடும் சதுக்கத்தோடும் சேர்த்து யோசிக்கிற பள்ளி அது. கிரேக்கத்தின் பழைய சிற்பங்கள், மத்தியகால தேவாலயங்களின் ஒல்லி உருவங்கள் எல்லாம் உள்ளே வந்தன. 1905ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த ஓவியர் ஓல்கா கிரானரை மணந்தார். 1906ல் லிடிங்யோவில் பாறைமேட்டில் நிலம் வாங்கினார்கள். கல் செதுக்கிய தூசி நுரையீரலில் படிந்து அவர் உடம்பைக் கெடுத்தது ஒரு பக்கம். வெண்கலமும் நீரூற்றும் அவரை இழுத்தது மறுபக்கம். 1920 முதல் 1931 வரை ஸ்டாக்ஹோம் கலைக் கல்லூரியில் பேராசிரியர். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அமெரிக்கா. 1951ல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, குளிர்காலத்தில் ரோம், கோடையில் லிடிங்யோ என்று இருந்தார். 1955 செப்டம்பர் 19 அன்று லிடிங்யோ வீட்டில் காலமானார்.

முதிர்ந்த மில்லெஸின் உருவங்களை ஒரு கூட்டத்துக்குள் நிறுத்தினாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒல்லியான, நீண்ட உடல், மழமழவென்ற தோல், தரையில் கால் பட்டும் படாமலும் ஒரு நிலை. பெரும்பாலும் உயரமான தூணின் மேல். அவர் முகத்தை விட வெளிக்கோட்டைத்தான் அதிகம் நம்பினார். வெளிக்கோடு தெரிய வேண்டுமென்றால் பின்னால் வானம் வேண்டும்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

முதல் வாய்ப்பு மில்லெஸ்கோர்டன், அதாவது லிடிங்யோ வீடும் தோட்டமும். வீடு 1908ல் எழுந்தது. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள்போல விரிந்துகொண்டே போயிற்று. அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி எவெர்ட் கட்டடக்கலைஞர். தோட்டத்தின் படித்தளங்களில் பெரும்பகுதி இருவரும் சேர்ந்து செய்தது. 1936ல் கணவனும் மனைவியும் இதை ஓர் அறக்கட்டளை வழியாக ஸ்வீடன் மக்களுக்கு எழுதிவைத்தார்கள்.

மேல்தளத்தில் நுழைந்தவுடன் கண்ணில் படுவது இடிபாடுகளிலிருந்து வந்த கற்கள். ஸ்டாக்ஹோமில் இடிக்கப்பட்ட ரீட்பெரி ஹோட்டலின் வாசல்நிலை ஒன்று இங்கே நிற்கிறது. பழைய ஓப்பரா மாளிகையின் தூண் ஒன்றும் இருக்கிறது. ஊர் வேண்டாம் என்று தள்ளியதை இவர் தூக்கிவந்து தன் சிலைகளுக்குப் பீடமாக்கினார். கீழே இறங்க இறங்கப் படிகள், பைன் மரங்கள், கருங்கல் சுவர்கள். கடைசித் தளம் பரந்த திறந்தவெளி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெர்த்தான் நீர்ப்பரப்பு. தூண்களின் உச்சியில் இசைக்கருவி வாசிக்கும் தேவதைகள். தொலைவில் ‘கடவுளின் கை’: ஒரு மாபெரும் உள்ளங்கை, அதன் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கால் ஊன்றி, தடுமாறிக்கொண்டே அண்ணாந்து பார்க்கும் சின்னஞ்சிறு மனிதன். இந்தக் கையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சுற்றி வர வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் பிரார்த்தனை போலத் தோன்றுவது, பின்னாலிருந்து பார்த்தால் விழப்போகிறவனின் முதுகாகத் தெரியும்.

பெகாசஸ் இங்கே இன்னும் நன்றாக இருக்கிறது. சிறகுக் குதிரை செங்குத்தாக ஏறுகிறது. மனிதன் அதன்மேல் உட்காரவில்லை, பக்கத்தில் காற்றில் கை விரித்துப் பறக்கிறான். இரண்டையும் தாங்குவது ஒரு ஒல்லித் தூண். இவ்வளவு பெரிய வெண்கல எடையை இவ்வளவு சின்ன இணைப்பில் எப்படி நிறுத்தினார்கள் என்று பொறியாளர்கள் அங்கேயே நின்று கணக்குப் போடுவதைப் பார்க்கலாம். பின்னணியில் மரமோ கட்டடமோ இல்லை, வானம் மட்டும்தான். எதிர்க்கரையில் துறைமுகமும், பின்லாந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும் போகிற பெரிய கப்பல்களும். சிலருக்கு அந்தத் துறைமுகக் காட்சி உறுத்தும். எனக்கு அது பிடிக்கும். தேவதைக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் கிரேன் தெரிவதில் தப்பில்லை.

வளாகத்திலேயே அவர் சேர்த்த கிரேக்க, ரோமானியப் பழம்பொருள்கள் இருக்கின்றன. கீழ்த்தளத்துக்கு அருகே ‘ஆனி வீடு’ என்று ஒன்று, கடைசிக் காலத்தில் மில்லெஸ் தம்பதி வசித்தது. கட்டியவர் எவெர்ட், உள்ளலங்காரம் யோசெஃப் ஃப்ராங்க், பூப்போட்ட துணிகளுக்குப் பேர்போன வடிவமைப்பாளர். சிற்பத்தில் ஆர்வமில்லாமல் உடன் வருகிறவர்களுக்கு இந்த வீடு போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். மில்லெஸும் ஓல்காவும் தோட்டத்திலுள்ள சிறு தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சொந்தத் தோட்டத்தில் புதைக்க ஸ்வீடன் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது, அரசர் அனுமதித்தார்.

குறை இல்லாமல் இல்லை. இங்கே நிற்கும் பலவும் ஏதோ ஒரு ஊரின் சதுக்கத்துக்காக, ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை எதிரே வைத்து யோசித்துச் செய்யப்பட்டவை. இங்கே அவை வரிசையாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களாக நிற்கின்றன. அடுத்தடுத்துப் பார்க்கும்போது எல்லாரும் பறக்கிறார்கள், எல்லாரும் தூண்மேல் நிற்கிறார்கள் என்று ஒரு சலிப்பு வரும். மேலும், படிகள் அதிகம். முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போனால் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ள நேரிடும். போய்ச் சேர்வது கடினமில்லை: மெட்ரோவில் சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான ரோப்ஸ்டென் வரை போய், அங்கிருந்து பேருந்திலோ லிடிங்யோ டிராமிலோ பாலத்தைக் கடந்தால், அப்புறம் கொஞ்சம் நடை.

எல்லாவற்றையும் விடப் பெரிய நிபந்தனை பருவம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம், போங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் நான் தயங்குவேன். நீரூற்றுகள் நிறுத்தப்பட்டிருக்கும், படிகள் வழுக்கும், டிசம்பரில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நீருக்காகச் செய்த உருவத்தை நீரில்லாமல் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்?

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு நகருக்குள்ளேயே ஒரு மாற்று இருக்கிறது. வாசா கப்பல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே நோர்டிஸ்கா அருங்காட்சியகம். அதன் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார் மன்னர் குஸ்தாவ் வாசா: ஓக் மரம், வண்ணம், தங்கப் பூச்சு. முன்பு 1907ல் பிளாஸ்டரில் ஒன்று இருந்தது. இப்போது இருப்பது 1925 வாக்கில் மரத்தில் முடிந்தது. தச்சுப் பட்டறையில் பழகிய கை இதில் தெரிகிறது. வெண்கல மில்லெஸை மட்டும் அறிந்தவர்கள் இதை அவர் செய்தது என்று சட்டென்று நம்பமாட்டார்கள். கனத்த, நிலத்தில் வேர்விட்ட உருவம். காற்றில் மிதக்கிற சமாச்சாரமே கிடையாது.

இரண்டாவது வாய்ப்பு, ஸ்டாக்ஹோமின் நடுவே ஹோத்தோரியெட் சதுக்கத்தில் இருக்கும் ‘ஓர்ஃபியஸ்’ நீரூற்று, 1936. ஓர்ஃபியஸ் கிரேக்கப் புராணத்தில் இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன இசைக்கலைஞன். செலவில்லை, டிக்கெட் இல்லை, பத்து நிமிடத்திலும் பார்க்கலாம், ஒரு மணி நேரமும் உட்காரலாம். பின்னால் இசையரங்கம்: ஈவார் தெங்பொம் வடிவமைத்து 1926ல் திறந்த நீலநிறக் கட்டடம், முகப்பில் ஒல்லியான உயர்ந்த தூண்கள். அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு ஓர்ஃபியஸைப் பாருங்கள். அதே நெட்டை, அதே மெலிவு. யாழை உயர்த்திப் பிடித்தபடி அவன் நடுவே நிற்க, எட்டு உருவங்கள் சுற்றி வட்டமாக எழும்புகின்றன. இறந்தவர்களின் உலகத்தில் இசை கேட்டு விழித்தவர்கள். ஒருத்தி கையை உயர்த்துகிறாள்; ஒருவன் இன்னும் தூக்கத்தில் தலை சாய்த்திருக்கிறான். ஓர் ஆணின் முகத்தில் பீத்தோவனின் சாயல். யாருடைய பாதமும் தரையில் பதியவில்லை.

எனக்கு இந்த நீரூற்றில் பிடித்தது, சுற்றிலும் நடக்கும் வியாபாரம். காலையில் காய்கறி, பூ, பழம் என்று கடைகள் விரிந்துகிடக்கும். விற்பவர்கள் கூவுவார்கள். ஸ்ட்ராபெர்ரி டப்பாவை வாங்கிக்கொண்டு இசையரங்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முதுகைக் காட்டியபடி இருப்பது, நோபல் பரிசு வழங்கும் கட்டடத்துக்கு. ஒவ்வொரு டிசம்பர் 10ம் தேதியும் விழா உள்ளேதான். 1930ல் சி.வி. ராமன் இங்கே வந்து பரிசு வாங்கியபோது வாசலில் ஓர்ஃபியஸ் இல்லை. 1983ல் அவர் அண்ணன் மகன் சந்திரசேகர் வந்தபோது இருந்தான். டிசம்பர் மாதம் ஆகையால் தண்ணீர் ஓடியிருக்காது.

தோட்டமா, சதுக்கமா என்று வந்தால் என் தீர்ப்பு கொஞ்சம் வளைந்தது. எண்ணிக்கைக்கும் வானத்துக்கும் தோட்டம். ஆனால் மில்லெஸ் என்ன செய்ய நினைத்தார் என்பது சதுக்கத்தில்தான் விளங்கும். அரை நாள் இருப்பவர்கள் காலையில் ஹோத்தோரியெட்டில் தொடங்கி, பத்து நிமிடம் நடந்து டி-சென்ட்ராலென் நிலையத்தில் சிவப்புத் தடத்தைப் பிடித்து லிடிங்யோவுக்குப் போவது நல்லது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சதுக்கத்தில் ஒன்றை முழுதாகப் பார்த்தவருக்குத் தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்தக் கட்டடம் இருக்க வேண்டும் என்று கற்பனை செய்ய வரும். தோட்டத்தை முதலில் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் கண் களைத்துவிடும். அதன் பிறகு ஓர்ஃபியஸ் ‘இன்னொரு ஒல்லி உருவம்’ ஆகிவிடுவான்.

கூடுதலாக ஒரு மாலை இருந்தால் ஸ்டாக்ஹோமை அடுத்த நாக்கா ஸ்ட்ராண்ட். அங்கே கடல்வாயின் ஓரத்தில் ‘வானவில்லில் கடவுள்’ என்று ஒன்று. ஐக்கிய நாடுகள் சபைக்காக மில்லெஸ் வரைந்துவைத்த திட்டம். அவர் காலத்தில் நடக்கவில்லை. அவரிடம் வேலை பழகிய அமெரிக்கச் சிற்பி மார்ஷல் ஃப்ரெடெரிக்ஸ் அதை முடித்துக்கொடுக்க, 1995ல் இங்கே நின்றது. எஃகு வளைவு பாதியில் முடிய, அதன் நுனியிலிருந்து பீறிடும் தண்ணீர் மீதி வளைவை வரைகிறது. யோசனை அபாரம். உருவம் பழைய மில்லெஸ் அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். படகில் போய்வரும் சுகத்துக்காகவே போகலாம்.

கோத்தன்பர்க்கை எடுத்துக்கொண்டால், அங்கே பார்ப்பதற்கு இருப்பது ஒன்றுதான்: யோத்தாபிளாட்சென் சதுக்கத்தின் ‘பொசைடன்’ என்ற கிரேக்கக் கடல் கடவுள், 1931. ஏழு மீட்டர் உயரம். ஒரு கையில் மீன், மறு கையில் சங்கு. பின்னால் கலை அருங்காட்சியகம், ஒரு பக்கம் இசையரங்கம், மறுபக்கம் நாடக அரங்கம். எதிரே நேராக நீளும் அவெனின் சாலை. அந்தச் சாலையின் மறுமுனையிலிருந்து நடந்துவந்தால், கடவுள் அங்குலம் அங்குலமாக வளர்ந்துகொண்டே வருவது தெரியும். மில்லெஸின் வேலைகளில் ஒரு நகரத்தின் தெருவமைப்போடு இவ்வளவு கச்சிதமாகப் பூட்டப்பட்டது வேறில்லை. நிர்வாணச் சிலை என்பதால் திறந்தபோது ஊரில் ஏகப்பட்ட சலசலப்பு. ஆணுறுப்பைச் சிறிதாக்கச் சொன்னார்கள் என்ற கதை இன்றும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் உலவுகிறது.

ஆனால் இதற்காக மட்டும் ஸ்டாக்ஹோமிலிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் போக வேண்டுமா? வேண்டாம் என்பேன். இதன் வார்ப்பு ஒன்று லிடிங்யோவிலும் நிற்கிறது. கோத்தன்பர்க்கில் வேறு வேலை இருந்தால் கட்டாயம் பாருங்கள். அந்த முகம் இனிமையானதல்ல. கொஞ்சம் மந்தமான, மீன்வாடை அடிக்கிற முகம். கடல் வியாபாரத்தால் வளர்ந்த ஊருக்கு அழகுராஜாவை விட இவன்தான் பொருத்தம்.

ரயில் பயணம் பிடிக்கும், நாலைந்து நாள் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு சுற்று சொல்கிறேன். ஸ்டாக்ஹோமிலிருந்து கோத்தன்பர்க், அங்கிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே ஹால்ம்ஸ்டாட், பிறகு மால்மோ, திரும்பும் வழியில் லின்ஷோப்பிங், மறுபடி ஸ்டாக்ஹோம். ஹால்ம்ஸ்டாடில் ‘ஐரோப்பாவும் காளையும்’, 1926. காளை தலையைத் திருப்பி நாக்கை நீட்ட, அவள் கை அதை நோக்கிப் பின்னால் வருகிறது. கிரேக்கப் புராணத்தில் ஐரோப்பா ஓர் இளவரசி; காளை உருவில் வந்த கடவுள் ஸ்யூஸ் அவளைத் தூக்கிப்போன கடத்தல் இது. மில்லெஸ் அதை ஒரு கொஞ்சலாக மாற்றிவிட்டார். அது சரியா என்று கேட்கலாம், ஆனால் வடிவம் மிக அழகு. மால்மோவில் பெகாசஸ்.

இந்தச் சுற்றின் உச்சம் லின்ஷோப்பிங். பெரிய சதுக்கத்தில் ‘ஃபோல்கெ ஃபில்பீட்டர்’, 1927. மத்தியகால ஸ்வீடனை ஆண்ட ஃபோல்குங் குலத்தின் மூதாதை என்று சொல்லப்படும் கிழவன், காணாமல்போன பேரனைத் தேடிக் குதிரைமேல் அலைகிறான். குதிரையின் குளம்பு ஈரக்கல்லில் வழுக்குகிறது. கிழவன் முன்னால் குனிந்து, பார்வை மங்கிய மாதிரி எதையோ உற்றுப் பார்க்கிறான். மில்லெஸின் மற்றவர்கள் எல்லாம் புவியீர்ப்பை மறந்தவர்கள். இந்தக் கிழவன் ஒருவன்தான் அதோடு மல்லுக்கட்டுகிறான். மழை நாளில் பார்த்தால் இன்னும் விசேஷம். மில்லெஸை ஏற்கனவே பார்த்து ‘அழகுதான், ஆனால் மனசைத் தொடவில்லை’ என்று சொல்கிறவர்களை நான் அனுப்பிவைக்கும் ஊர் இது.

இனி அமெரிக்கா. டெட்ராய்டைச் சுற்றி டிராய், நோவி, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்வீடன் போகாமலேயே மில்லெஸ் கைக்கெட்டும் தூரத்தில்: ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸில் கிரான்புரூக். பத்திரிகை அதிபர் ஜார்ஜ் பூத் தன் பண்ணையைக் கல்வி வளாகமாக்கி, பின்லாந்தின் எலியெல் சாரினெனைக் கட்டடக்கலைக்கு அழைத்தார். 1931ல் மில்லெஸ் வந்து சிற்பத் துறையை ஏற்று 1951 வரை இருந்தார். வளாகம் முழுக்க அவர் சிற்பங்கள்: ஐரோப்பாவும் காளையும், பைபிளின் யோனா, குளங்களில் நீந்தும் டிரைட்டன்கள் என்கிற மீன்வால் கடல் தேவர்கள். சாரினென் கட்டிய அருங்காட்சியகத்தின் திறந்த தூண்மண்டபத்துக்கு எதிரே ஓர்ஃபியஸ் நீரூற்று. ஆனால் ஓர்ஃபியஸ் இல்லை. சுற்றியிருக்கும் எட்டுப் பேர் மட்டும் வட்டமாக.

முதலில் உற்சவர் இல்லாத சப்பரம் போலத்தான் தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் வேறு மாதிரி ஆகிறது. ஸ்டாக்ஹோமில் நம் கண் நடுவில் நிற்கும் உயரக்காரனிடமே போகும், சுற்றியிருப்பவர்கள் பரிவாரம். இங்கே அவர்கள்தான் எல்லாம். எதைக் கேட்டு இப்படி மயங்கி நிற்கிறார்கள் என்பதற்குப் பதிலாக இருப்பது தண்ணீரின் ஓசை ஒன்றுதான். உயரமும் நம் உயரத்துக்குப் பக்கம். முகங்களை நேராகப் பார்க்க முடிகிறது. பீத்தோவன் முகத்துக்காரரை ஸ்டாக்ஹோமில் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அவரே எதிரே வருகிறார். ஒரே படைப்பின் இரண்டு நிலைகளில் எது மேல் என்று என்னைக் கேட்டால், கூட்டத்தோடு பார்க்க ஸ்டாக்ஹோம், தனியாகப் பார்க்கக் கிரான்புரூக். மில்லெஸ்கோர்டனுக்கு மாற்றாக ஏற்கக்கூடிய ஒரே இடமும் இதுதான். கடல்வாய் இல்லை, உயரம் இல்லை. ஆனால் சிலைக்காகக் கட்டடமும் கட்டடத்துக்காகச் சிலையும் ஒன்றாகவே திட்டமிடப்பட்ட நிதானம் இருக்கிறது. பள்ளிகளும் இயங்கும் வளாகம் என்பதால் எங்கெல்லாம் சுற்றலாம் என்று அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெட்ராய்ட் நகருக்குள் போனால் நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் ‘கடவுளின் கை’ இன்னொன்று, 1970ல் வைத்தது. முன்னாள் ஆளுநர் ஃப்ராங்க் மர்ஃபியின் நினைவாக, கார்த் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் வந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது சரியில்லை. 1930களில் மில்லெஸ் தன் கடிதங்களில் ஹிட்லரையும் முசோலினியையும் வியந்து எழுதியவர். அதே ஆள் 1945ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவருடைய கை ஒன்று தொழிற்சங்கத்தின் நினைவுச்சின்னமாக நிற்கிறது. சிலைகளில் அந்த அரசியல் தெரிகிறதா என்று தேடினால், எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் செய்தி தெரிந்த பிறகு, குஸ்தாவ் வாசாவின் பீடத்தில் ‘ஸ்வீடனியராய் இருங்கள்’ என்று பொறித்திருப்பதை முன்போலச் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை என்பதும் உண்மை.

செயின்ட் லூயிஸின் ‘நதிகளின் சந்திப்பு’ பற்றி இரண்டு வார்த்தை. யூனியன் ரயில் நிலையத்துக்கு எதிரே, 1940ல் திறந்தது. மிசிசிப்பி ஓர் இளைஞன், மிசூரி ஒரு பெண். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி வருகிறார்கள், கிளை நதிகள் உறவுக்கூட்டமாகச் சுற்றிலும். மொத்தம் 14 வெண்கல உருவங்கள். ‘நதிகளின் திருமணம்’ என்றுதான் பெயர் வைத்தார். உடையில்லாத உருவங்களுக்குத் திருமணம் என்ற பெயரா என்று ஊர் கொதிக்க, ‘சந்திப்பு’ ஆயிற்று. அந்த ஊர் வழியாகப் போனால் இறங்கிப் பார்க்க வேண்டியது. அதற்காகவே போக வேண்டியது என்று சொல்லமாட்டேன். கான்சஸ் சிட்டியில் உள்ள புனித மார்ட்டின் நீரூற்றும் அப்படியே. அவர் இறந்த பிறகு 1958ல் நிறுவியது. அங்கே ஒரு தேவதை கைக்கடிகாரம் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறும்புக்காக ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இந்தக் கணக்கு எதிலும் அடங்காத ஒன்று: மினசோட்டாவின் செயின்ட் பால் நகர மன்றக் கட்டடத்துக்குள் நிற்கும் ‘அமைதியின் தரிசனம்’, 1936. வானமும் இல்லை, தண்ணீரும் இல்லை. கருமையான பளிங்குச் சுவர்கள், மூன்று மாடி உயர மண்டபம், அதன் கோடியில் வெளிர்நிற ஓனிக்ஸ் கல்லில் சுமார் 11 மீட்டர் உயரம், 60 டன் எடை. கீழே அமெரிக்கப் பூர்வகுடியினர் ஐவர் தீயைச் சுற்றி அமர்ந்து புகைக்கிறார்கள். அந்தப் புகையிலிருந்து அமைதியின் தெய்வம் எழுகிறது. முழுச் சிலையும் பீடத்தில் மெதுவாகத் திரும்பும், நின்று கவனித்தால்தான் தெரியும் அளவுக்கு. போர்வீரர் நினைவு மண்டபம் அது. ஆயுதம் ஏந்திய உருவத்தை வைக்காமல் இதை வைத்தார். பூர்வகுடிகளை ஒரு வெளியாள் இப்படிக் கற்பனை செய்தது பற்றி இன்று கேள்விகள் எழும், எழ வேண்டும். ‘அமைதியின் இந்தியக் கடவுள்’ என்றிருந்த பழைய பெயரை (அமெரிக்கப் பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று சொன்ன வழக்கு அது) 1994ல் மாற்றினார்கள். இருந்தும், வானத்தை நம்பிய சிற்பி ஒரு மூடிய மண்டபத்தில் என்ன செய்வார் என்று பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. ஒளியை அந்தக் கல்லே உள்வாங்கிக் கொடுக்கிறது. மினசோட்டாவில் வசிப்பவர்கள் ஜனவரியிலும் தைரியமாகப் போகலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அது நீதிமன்றமும் அலுவலகங்களும் இயங்கும் கட்டடம். வார நாளில், அலுவலக நேரத்தில்தான் போக வேண்டும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.